இனம் என்கிற நிரல்

காலை ஐந்தரைக்குத் துறைநீலாவணைத் துறையில்
மீன் எண்ணுகிறேன்.
பின்னேரம் மருதமுனையில்
ஆள் எண்ணுகிறேன்.
இரண்டும் தற்காலிக வேலை. ஒரே தோள்பை,
ஒரே நீலப் பேனை.

மீன் படிவத்தில் நான்காம் நிரல்: இனம்.
ஆள் படிவத்தில் ஒன்பதாம் நிரல்: இனம்.

உயர்தரத்தில் உயிரியல் எனக்குக் கைகொடுக்கவில்லை.
ஆனாலும் அந்த ஏணி
இன்னும் தலைக்குள் சாய்ந்து நிற்கிறது:
இராச்சியம் கணம் வகுப்பு வருணம்
குடும்பம் சாதி இனம்.
ஒரே மூச்சில் ஒப்புவிப்போம்.
நாற்பது பேரில் ஒருவருக்கும்
சிரிப்பு வந்ததில்லை.

லத்தீனுக்குத் தமிழ் தேடியவர்கள்
எந்த மேசையைச் சுற்றி இருந்தார்களோ,
தேத்தண்ணி ஆறுமுன்னே
வருணத்தையும் சாதியையும் எடுத்துத்
தவளைக்கும் தாமரைக்கும் கொடுத்துவிட்டார்கள்.
தவளைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.
எந்தக் கிணறு என்று அதை யாரும் கேட்பதில்லை.

அழகரெத்தினம் அண்ணரின் வகைப்பாடு வேறு.
ஐஸ் கேட்கிற மீன், கேட்காத மீன்.
கல்முனைக்குப் போவது, கறிச்சட்டிக்குப் போவது.
"மற்றதெல்லாம் நீ எழுது கிளி,
உனக்குத்தானே சம்பளம்."

இன்றைக்கு ஒரு யப்பான்.
ஆபிரிக்காவில் பிறந்து
யப்பான் என்று பெயரெடுத்து
நம் வாவியில் பெருகிய சாதி.
அதில் இரண்டு இனம் என்கிறது கையேடு:
வாலில் குறுக்குக் கோடு உண்டெனில் ஒன்று,
இல்லையெனில் மற்றது.
இதற்கு வாலின் மேற்பாதியில் கோடு,
கீழ்ப்பாதி வெறும் சாம்பல்.

வேறு வேறு இனம் கூடினால்
பிறப்பது மலடு,
பரீட்சைக்கு அப்படித்தான் படித்தோம்.
தராசில் வைத்ததும் அது வாயைத் திறந்தது.
ஒரு கைப்பிடி குஞ்சு
கண்ணும் வாலுமாய்த் தட்டில் கொட்டியது.

அண்ணர் தட்டைத் தூக்கி
வாவிக்குள் கவிழ்த்துவிட்டு வந்தார்.
மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன்.
"குறியீடு இல்லையா? தொண்ணூற்றொன்பது போடு."

பின்னேரம் நான்காம் குறுக்குத் தெரு.
றிபாயா ராத்தா கதிரையைத் துடைத்துத் தந்தார்.
கூரை என்ன, குடிதண்ணீர் எங்கே,
கைபேசி எத்தனை.
இடையில் அவர் கேட்டார்:
"நீங்க என்ன குடி புள்ள?"

சொன்னேன்.
கையைத் தட்டினார்.
"அடி, நாங்களும் அதுதானே!
எங்கட பள்ளியில அந்தக் குடிக்கு
இப்பவும் மரைக்காயர் இரிக்கார்."

அவருக்கு உம்மா வழி. எனக்கு அம்மா வழி.
கலத்துக்குள் இழைமணியும்
தாயிடமிருந்துதான் வரும்,
அதற்கு ஒரு பரீட்சையில் இரண்டு புள்ளி.
படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.
குடிக்கு நிரல் இல்லை.

ஒன்பதாவதுக்கு வந்தேன்.
கேட்கத் தேவையில்லை, ஆனாலும்
கேட்டுத்தான் எழுதவேண்டும் என்பது உத்தரவு.
"சோனகர்" என்றார், குரல் கொஞ்சம் நேராகி.
எழுதினேன்.
இந்த ஒரு சொல்லுக்காக
பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கிய வருஷங்கள்
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தேத்தண்ணி வந்தது. சீனி கூட.
இருவரும் ஊதி ஊதிக் குடித்தோம்.

இரவு பெரியநீலாவணையில்
மின்விசிறிக்குக் கீழே படிவங்களை அடுக்குகிறேன்.
றிபாயா ராத்தாவின் தாளில்
ஒன்பதாம் நிரலுக்கு மேல்
காலையில் பைக்குள் விழுந்த ஒரு செதில்
ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது.
வெளிச்சத்தில் பிடித்தால்
வளையம் வளையமாய் அதன் வயது.
அதற்கடியில் என் நீல எழுத்து,
கொஞ்சம் பெருத்து, கொஞ்சம் வளைந்து.

நகத்தால் கிளப்பிப் பார்க்கிறேன்.
எழுத்தும் சேர்ந்து வருகிறது.